ஒரு வளவில் இரண்டு உலை

தீவுக்குள் இருக்கும் கரம்பொன்னில் மார்க்கண்டுவின் வளவு என்று ஊரார் சொல்வது உண்மையில் அவருடைய மனைவி சறோஜினிதேவியின் சீதனக் காணி. முன்னால் ஒரு ஓட்டு வீடு, பின்னால் ஓலைக் குசினி, கிணற்றடியில் இரண்டு தென்னை, வேலிக்கரை முழுக்கப் பனை. தங்கை அன்னபூரணத்துக்கும் ஒரு பங்கு இருந்ததுதான். அவளுடைய கலியாணத்தோடு அதை விற்று, அந்தக் காசை அவள் புருஷன் இளையதம்பி மாத்தளையில் வைத்திருந்த பலசரக்குக் கடையில் போட்டார்கள். கடை நன்றாக ஓடியது. வருஷத்தில் இரண்டு தரம் இளையதம்பி ஊருக்கு வரும்போது பெட்டி நிறையச் சாமான் வரும். பெண்சாதிக்கு ஒரு சேலை எடுத்தால் மச்சாளுக்கும் ஒன்று எடுத்துத்தான் வருவார். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்துபோனது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய மனுஷன், உடுத்த சாரத்தோடு வளவுக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு ஒருவரோடும் அதிகம் பேசவில்லை. அடுத்த மாரிக்குள் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார்.

இளையதம்பி தெற்கில் இருந்த காலத்திலேயே அன்னபூரணமும் இரண்டு பெண்பிள்ளைகளும் அக்காளோடுதான் இருந்தார்கள். ஆகவே செத்தவீடு முடிந்தபின் எங்கே போவது என்ற பேச்சு எழவில்லை. சறோஜினிதேவிக்குப் பிள்ளை இல்லை. மூத்தவள் மனோகரி பெரியம்மாவின் கையால் குழைத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவாள். இளையவள் வசந்தி பெரியம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். இரவில் நாலு தரம் எழும்பி அந்தப் பிள்ளைக்குப் போர்வை இழுத்து விட்டவள் சறோஜினிதேவி. பெற்றவளுக்கு அந்த நேரம் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை. அவள் செய்த வேலை அப்படி. விடிய எழும்பி, வளவில் விழுந்த பனம்பழங்களைப் பொறுக்கி, தோல் உரித்து, பிசைந்து, களியை வடித்துப் பாயில் ஊற்றிப் பனாட்டுப் போடுவாள். வெயில் ஏற ஏற அதன்மேல் இன்னொரு கை ஊற்றவேண்டும். காகம் கிட்ட வராமல் பார்க்கவேண்டும். பனாட்டுக் காலம் முடிந்தால் பனங்கிழங்கு கிண்டி ஒடியல் காயப்போடுவது, அதுவும் முடிந்தால் பாய் இழைப்பது. மார்க்கண்டு ஊர்காவற்றுறை ஆசுபத்திரியில் அற்றெண்டன். சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவார். அவருடைய சம்பளத்தில் மீனும் தேங்காயும் மிளகாயும் வந்தன. அன்னபூரணத்தின் பெயரில் மூன்று தலைக்கு உணவு முத்திரை கிடைத்தது. சங்கக்கடையில் அதைக் கொடுத்து அரிசியும் மாவும் சீனியும் எடுப்பார்கள். எல்லாம் ஒரே குசினிக்கு, ஒரே உலைக்குத்தான் போயிற்று. எது யாருடைய அரிசி என்று அங்கே ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, சோளகக் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஊர்ப் பதிவுகளைப் பார்க்கிற விதானையார் அப்புத்துரை வந்தார். கெட்ட செய்தி சொல்லத் தெரியாத மனுஷன். முதலில் தண்ணீர் கேட்டார். பிறகு தேத்தண்ணி குடித்தார். பனாட்டு எப்படி, மழை எப்ப வரும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கதிரையின் நுனிக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். முத்திரைப் பதிவை அரசாங்கம் திரும்பச் செய்கிறதாம். இதுவரை அன்னபூரணத்தின் வருமானத்தை மட்டும் பார்த்தார்கள். இனிமேல் ஒரு உலையில் சாப்பிடுகிற எல்லோருடைய வருமானத்தையும் ஒன்றாகக் கூட்டுவார்கள். அது எழுநூறு ரூபாவுக்கு மேலே போனால் முத்திரை இல்லை. மார்க்கண்டுவின் சம்பளம் மட்டுமே அதைத் தாண்டிவிடும்.

இளையதம்பியின் பிள்ளைகளுக்கு மார்க்கண்டு எப்படிப் பொறுப்பாவார் என்று சறோஜினிதேவி கேட்டாள். அந்த அரிசி நின்றால் ஐந்து வயிற்றுக்கு ஒரு அற்றெண்டன் சம்பளம் எந்த மூலைக்குக் காணும் என்றும் கேட்டாள். விதானையார் குடையின் கைபிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் எழுதிற ஆள் மட்டும்தான். சட்டம் போட்டவை கொழும்பிலை இருக்கினம்," என்றார். "ஆனால் படிவத்திலை ஒரு கேள்வி கிடக்கு. சமையல் சேர்த்தியோ தனியோ எண்டு. தனியெண்டால் குடும்பமும் தனி. கந்தோரிலையிருந்து ஆள் வந்து அடுப்பைப் பாக்கும். நான் இவ்வளவுதான் சொல்லலாம்."

அவர் வேலிப் படலையைத் தாண்டமுன்னரே சறோஜினிதேவி முடிவெடுத்துவிட்டாள். அவள் அப்படித்தான். வீட்டில் எதையும் நிமிர்த்தி வைப்பவள் அவள். தாய் தகப்பன் செத்த காலத்திலும், கடை எரிந்த காலத்திலும், தலையில் கைவைத்துக்கொண்டு இருக்காமல் அடுத்ததைப் பார்த்தவள். அன்னபூரணத்துக்கு இது பிடிக்கவில்லை. முத்திரை போனால் போகட்டும், தான் இன்னும் நாலு பாய் கூட இழைக்கிறேன் என்றாள்.

"நாலு பாய் இழைச்சு மூண்டு பேருக்கு அரிசி வாங்கேலுமோ?" என்றாள் அக்காள். "கொஞ்ச நாளைக்குத்தானே பூரணம். அவங்கள் வந்து பாத்திட்டுப் போனாப் பிறகு அடுப்பை இடிச்சுப் போடுவம்."

குசினிக்குப் பக்கத்தில், வீட்டின் பின்விறாந்தையை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய சின்னப் பத்தி ஒன்று இருந்தது; எரிக்கிறதுக்குக் காய்ந்த பனங்கொட்டை ஊமல் போட்டு வைக்கிற இடம். ஊமலை ஒரு பக்கம் ஒதுக்கி, குளத்து மண் எடுத்து வந்து, அக்காளும் தங்கையுமாக அடுப்புப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சோறு கறி விளையாட்டு நிசமாகிவிட்டது என்று நினைத்தார்கள். சறோஜினிதேவி தன்னுடைய சின்னப் பானையையும் இரண்டு சட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். புது அடுப்பு புதிதாகத் தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்று, ஓலையைக் கொளுத்திச் சுவரெல்லாம் கரி பிடிக்கவைத்தார்கள். அன்று பின்னேரம் இரண்டு பேரும் முகத்தில் கரியோடு கிணற்றடியில் நின்று சிரித்த சிரிப்புக்கு மார்க்கண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவர் தன் பெண்சாதியிடம் தனியாகச் சொன்னாராம், உது தேவையில்லாத வேலை என்று. அவள் காதில் விழுத்தவில்லை.

அரசாங்கக் கந்தோர் ஆள் அடுத்த கிழமை வருவான் என்றார்கள். வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. எந்த நாள், எந்த நேரம் வருவான் என்று தெரியாததால் ஒவ்வொரு நாளும் இரண்டு அடுப்பும் எரியவேண்டியிருந்தது. போதாததற்கு, அந்த ஊரில் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிக் காட்டிக்கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. தனிக் குடும்பம் என்று பொய் சொன்னதாக யாரோ எழுதிப்போட்டு, மேல்வீதியில் ஒருவருக்கு முத்திரை வெட்டுப்பட்ட கதை வந்தது. அதற்குப் பிறகு கறிச்சட்டியை வெளியாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகவே பயம். சறோஜினிதேவி மீன் குழம்பை ஒரு கிண்ணத்தில் விட்டு, மேலே சுளகால் மூடி, தவிடு கொண்டுபோகிறமாதிரிப் பத்திக்குப் போவாள். திருக்கை வாங்கிய நாளில் அந்த வாசத்தை மறைக்க வழியில்லை. பிள்ளைகள் பத்தியில் முருங்கையிலைச் சொதியோடு உட்கார்ந்திருக்க, இங்கே மார்க்கண்டுவுக்குச் சோறு போட அவளுக்குக் கை வரவில்லை. மனோகரிக்குப் பதினொரு வயது, விளங்குகிற வயது. முதல் கிழமை பெரியம்மாவிடம் ஓடி வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றாள். தாய் கூப்பிட்டுச் சொன்னபிறகு வரவில்லை. தாய் என்ன சொன்னாள் என்று சறோஜினிதேவி கேட்கவில்லை.

சின்னச் சின்ன வித்தியாசங்கள் வந்தன. பத்தியில் மழை ஒழுகியது. அதற்கு ஓலை வாங்கவேண்டும் என்று அன்னபூரணம் பாய் விற்ற காசை முடிந்து வைத்தாள். முன்பென்றால் அந்தக் காசு அக்காளின் கையில் வந்திருக்கும். நல்லதண்ணி எடுக்கப் போகும்போது அவளவள் தன் தன் குடத்தை எடுத்தாள். இதையெல்லாம் சறோஜினிதேவி கண்டாள். ஆள் வந்துவிட்டுப் போகட்டும், எல்லாம் பழையபடி வரும் என்று இருந்தாள்.

ஐப்பசியில், வாடைக்காற்றோடு தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலமை நேரம், அந்த உத்தியோகத்தர் வந்தார். நடுத்தர வயது, நல்ல மனுஷன் மாதிரித்தான் இருந்தார். பத்தியை எட்டிப் பார்த்தார். அன்னபூரணம் குனிந்து ஒடியல் மாப் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். பானையைத் திறந்து பார்த்தார். பிறகு வீட்டின் பின்விறாந்தைக்கு வந்து, கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சறோஜினிதேவியிடம் கேட்கத் தொடங்கினார். விறாந்தைக்கும் பத்திக்கும் நடுவில் ஒரு ஓலைத் தட்டிதான் இருந்தது.

சமையல் தனியோ என்று கேட்டார். தனி என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார். தங்கையின் புருஷன் செத்ததிலிருந்து என்றாள். மாதச் சம்பளக்காரர் வீட்டில், சொந்தத் தங்கைக்கு ஒரு பிடி சோறும் கொடுக்காமல் இருக்கிறீர்களா, நம்பச் சொல்கிறீர்களா என்று அவர் பேனையை மூடிக்கொண்டு சிரித்தார். சறோஜினிதேவி அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். இவன் நம்பவில்லை, வெட்டப்போகிறான் என்று நினைத்தாள். நம்பவைக்க ஏதாவது சொல்லவேண்டும். சொன்னாள்.

"ஏன் ஐயா குடுக்கவேணும்? அவவின்ரை பங்கு முழுக்க வித்து அவவின்ரை மனிசன்ரை கடையிலை போட்டு முடிஞ்சுது. அதிலை நாங்கள் ஒரு சதம் கண்டமோ? இந்தக் காணியும் வீடும் என்ரை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை ஒரு மூலையிலை இருக்கவிட்டதே பெரிசு. அவவின்ரை வயித்தை அவ பாக்கவேணும், நான் பாக்கேலாது."

சொல்லத் தொடங்கியபோது அது நடிப்புத்தான். ஆனால் வாய் தடுமாறவேயில்லை. சொல் தேடவேண்டியிருக்கவில்லை. இவ்வளவு நாளும் எங்கேயோ அடுக்கி வைத்திருந்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. உத்தியோகத்தரின் முகம் மாறியது. அவர் சறோஜினிதேவியைப் பார்க்காமல் படிவத்தைப் பார்த்து எழுதினார். போகும்போது பத்திப் பக்கம் போய், அன்னபூரணத்திடம் முத்திரை நிற்காது, கவலைப்படவேண்டாம் அம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தட்டிக்கு அந்தப் பக்கம் நீற்றுப்பெட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சறோஜினிதேவி கதிரையை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு சிரித்த முகத்தோடு பத்திக்குப் போனாள். "ஆள் ஏமாந்திட்டான் பூரணம்" என்றாள். அன்னபூரணம் ஓம் என்றாள். பிட்டை நீற்றுப்பெட்டியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்ததா, புகையா என்று தெரியவில்லை. இனி இந்த அடுப்பை இடிப்போமா என்று சறோஜினிதேவி கேட்க, இருக்கட்டும் அக்கா, திரும்ப வந்து பார்த்தாலும் பார்ப்பான் என்றாள். கோபம் ஒன்றும் குரலில் இல்லை. நியாயமான பேச்சுத்தான்.

அவன் திரும்பி வரவில்லை. முத்திரைப் புத்தகம் வந்தது. தை பிறந்தது. பொங்கலுக்கு முற்றத்தில் ஒரு பானைதான் வைக்கவேண்டும் என்று சறோஜினிதேவி பிடிவாதமாக நின்றாள். அன்னபூரணம் மறுக்காமல் வந்து, பால் பொங்கும்வரை பக்கத்தில் நின்று, தன் பங்கு அரிசியையும் போட்டாள். அளந்து கொண்டு வந்து போட்டாள். அன்று மத்தியானம் திரும்பவும் பத்தியில் புகை எழும்பியது. சித்திரையில் ஒரு நாள் சறோஜினிதேவிக்குப் பொறுக்கவில்லை. மார்க்கண்டுவிடம் சொல்லி அழுதாள். தான் சொன்னதை அவள் பிழையாக எடுத்துவிட்டாள் என்றாள். மார்க்கண்டு சுருட்டை அணைத்துவிட்டு, அப்ப போய் அதைச் சொல்லன் என்றார். அவள் போகவில்லை. போய் என்ன சொல்வது? அது பொய் என்று சொன்னால், எது பொய் என்று தங்கை கேட்டால்? காணி தன்னுடையது என்பது பொய்யில்லை. கடையில் போன காசும் பொய்யில்லை. ஒரு மூலையில் இருக்கவிட்டது பெரிசு என்ற நினைப்பு தனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று சத்தியம் பண்ண அவளால் முடியாது. அதுதான் அவளை வளவின் நடுவில் நிறுத்தி வைத்தது.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் தேறியிருக்கும். காய்ச்சல் என்றால் ஒருத்திக்கு ஒருத்தி ஓடினார்கள். இந்தியன் ஆமி வந்தபோது ஒரே மரத்துக்குக் கீழ் பதுங்கினார்கள். மனோகரி பெரிய பிள்ளையானபோது தண்ணி வார்த்தது சறோஜினிதேவிதான். ஆனால் சாப்பாடு என்று வந்தால் தனி. வசந்தி கூட, பெரியம்மா தோசை கொடுத்தால், அம்மாவிடம் கேட்டுவிட்டு வாறன் என்று போவாள்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில் ஆமி தீவுக்குள் இறங்கியது. ஷெல் அடி தொடங்கியதும் சனம் கையில் அகப்பட்டதோடு கடலைத் தாண்டி அராலிப் பக்கம் ஓடியது. ஒரே வள்ளத்தில், முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தபடி, அந்த ஐந்து பேரும் கரை சேர்ந்தார்கள். வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் பதினொரு குடும்பம். முதல் பத்து நாளும் ஊர் இளைஞர்கள் முற்றத்தில் பெரிய கிடாரம் வைத்துச் சமைத்தார்கள். சோறும் பருப்பும், சில நாள் பூசணிக்காய்க் கறி. வரிசையில் நின்று வாங்கி வந்து, மேசைகளைத் தள்ளிவிட்டுச் சீமெந்துத் தரையில் எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். வீடு போய்விட்டது, விட்டுவந்த மாடு என்ன ஆனதென்று தெரியாது, மார்க்கண்டுவுக்கு நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை. ஆனாலும் தங்கையும் பிள்ளைகளும் தோளோடு தோள் முட்ட இருந்து ஒரே கிடாரத்துச் சோற்றைத் தின்ற அந்தப் பத்து நாளும் சறோஜினிதேவிக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது தனக்கு மட்டும் இப்படி இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் வசந்தி தன் பருப்பைப் பெரியம்மாவின் தட்டில் வழித்துப் போட்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை யோசித்துச் செய்யவில்லை. சறோஜினிதேவி அந்தப் பருப்பைக் கடைசிவரை வைத்திருந்து சாப்பிட்டாள்.

பதினோராம் நாள் நிவாரணம் பதிய கிளாக்கர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தார். இனிச் சமைத்த சாப்பாடு இல்லை, குடும்பத்துக்கு ஒரு நிவாரணக் காட், அதற்குக் கிழமைக்குக் கிழமை அரிசி, மா, சீனி, பருப்பு. மாதச் சம்பளம் எடுக்கிற ஆள் உள்ள குடும்பத்துக்குக் காட் இல்லை என்றும் அவர் சொன்னார். சம்பளம் நாலு மாதமாக வரவில்லை என்று மார்க்கண்டு சொல்லிப் பார்த்தார். வராவிட்டாலும் வரவேண்டிய சம்பளம் சம்பளம்தான் என்றார் கிளாக்கர். தனக்கு அப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறது என்றும், தன் வீட்டுக்கும் அதே கதைதான் என்றும் சொன்னார்.

பிறகு அன்னபூரணத்தைக் கூப்பிட்டார். பெயர் பதிந்த இடாப்பைப் பார்த்துவிட்டு, ஒரே வளவிலிருந்து வந்த ஆட்கள்தானே, அக்காளோடு சேர்ந்தா என்று கேட்டார். சறோஜினிதேவி பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவும் பயமாக இருந்தது, திறக்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

"இல்லை. அஞ்சு வருஷமாத் தனிச் சமையல்," என்றாள் அன்னபூரணம். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை. "வேணுமெண்டால் எங்கடை ஊர்ச் சனத்தைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்கத் தேவையிருக்கவில்லை. கிளாக்கர் எழுதி, முத்திரை குத்தி, மூன்று பேருக்கு ஒரு காட் கொடுத்தார்.

சனிக்கிழமை முதல் நிவாரணம் வந்தது. பின்னேரம், பள்ளிக்கூட மதிலோரம் சனம் கல்லு வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, அன்னபூரணம் தனக்குக் கிடைத்த அரிசியில் பாதியைச் சுளகில் எடுத்துக்கொண்டு அக்காளிடம் வந்தாள். மார்க்கண்டு விறகு பொறுக்கப் போயிருந்தார். அன்னபூரணம் நிலத்தில் குந்தியிருந்து, கல்லுப் பொறுக்கிப் பொறுக்கி, அரிசியை அக்காளின் சட்டியில் போட்டாள். சறோஜினிதேவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாக வராத வார்த்தை அப்போது வந்தது.

"பூரணம், அண்டைக்கு நான் அவனுக்குச் சொன்னது முத்திரைக்காகத்தான்."

அன்னபூரணம் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். "தெரியும் அக்கா. அந்த முத்திரையிலைதானே என்ரை பிள்ளையள் வளர்ந்ததுகள்." இன்னொரு கல் அகப்பட்டது. "ஆனால் நீங்கள் சொன்னதிலை பொய் ஒண்டும் இல்லையே. காணி உங்கடைதானே."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. சந்தையில் அரிசி விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள். சறோஜினிதேவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இப்ப அது ஆமிக்காரன்ரை காணி," என்றாள். அன்னபூரணம் அதைக் கேட்டுச் சிரித்தாள். சுளகைத் தட்டிவிட்டாள். போகும்போது அக்காளின் தோளில் கையை ஊன்றித்தான் எழும்பினாள். தன் உலை கொதிக்கிறது, மனோகரி பார்க்காமல் விட்டுவிடுவாள் என்றாள்.

இனிச் சேர்ந்து சமைப்போம் என்று சறோஜினிதேவிக்கு வாய்வரை வந்தது. அப்போதுதான் மேசைக்காரக் கிளாக்கர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடுப்புகளைப் பார்த்தபடி மதிலோரமாகப் போனார். சேர்ந்து சமைத்தால் அந்தப் பிள்ளைகளின் காட் வெட்டுப்படும். அவள் கேட்கவில்லை. அரிசியைக் கழுவி எடுத்துக்கொண்டு, தங்கையின் அடுப்புக்கு நாலு முழம் தள்ளி, புகை அவளுக்கு அடிக்காத பக்கமாகப் பார்த்து, மூன்று கல்லை வைத்தாள்.